கேள்வி–பதில்: வழக்குக் கட்டுகளுக்கு ரிஸ்க் மார்க் போடலாமா?

சட்டமும் கம்ப்யூட்டரும் சந்திக்கும் இந்தப் பகுதிக்கு இந்தத் தடவை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: வக்கீல் ஆபீஸ் சாஃப்ட்வேர்களில் வரும் ரிஸ்க் ஸ்கோர். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன் சார். சிவில், செக் கேஸ், நுகர்வோர் வழக்கு என்று கலந்து நானூறு கட்டுக்கு மேல் இருக்கிறது. நாங்கள் வாங்கிய கேஸ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வழக்குக்கும் பத்து அம்சங்களுக்கு மார்க் போட்டு, ஒவ்வொரு அம்சத்துக்கும் வெயிட்டேஜ் (எது எவ்வளவு முக்கியம் என்ற எண்) கொடுத்தால், நூற்றுக்கு இத்தனை ரிஸ்க் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டுப் பார்த்தால் முக்கால்வாசிக் கட்டு 45-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கிறது. "இதை வச்சு நான் எந்தக் கட்டை முதல்ல எடுக்கணும்?" என்று சீனியர் கேட்கிறார். எங்கே தப்பு?
— இளம் வழக்கறிஞர், மதுரை

பதில்: சீனியர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், தம்பி. இந்த வாரம் அவர் கண் எந்தக் கட்டில் முதலில் படவேண்டும் என்று சொல்லத்தான் அந்த மார்க் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால், தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

எல்லாம் நடுவில் குவிவது ஏன் என்று முதலில் பார்ப்போம். எந்த வழக்கும் பத்து அம்சத்திலும் மோசமாக இருக்காது, பத்திலும் நன்றாகவும் இருக்காது. நாலு அம்சம் மேலே இழுக்கும், மூன்று கீழே இழுக்கும், கூட்டினால் நடுவில் வந்து நிற்கும். "நடுத்தரம்" என்று ஒரு பெட்டி வேறு இருந்தால், கோர்ட் முடிந்து வந்து களைப்பாகக் கட்டுகளை ஏற்றும்போது கை தானாக அங்கேதான் போகும். இன்னொன்று, உங்கள் பத்தில் சில அம்சங்கள் ஒரே விஷயத்தின் வேறு வேறு பெயர்களாக இருக்கலாம். வழக்கின் மதிப்பு, கட்சிக்காரரின் முக்கியத்துவம், ஃபீஸ் ஆகிய மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டால் பணக்காரக் கட்சிக்காரரின் வழக்கை மூன்று தடவை எண்ணியதாக ஆகிவிடுகிறது.

நாலைந்து அம்சம் போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மட்டும் மார்க் வையுங்கள், நடுப்பெட்டி இருக்காது. ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதி வையுங்கள், இது முக்கியம். ஆவணங்கள் என்ற அம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஆவணம் எல்லாம் நம் கையில் இருந்தால் 0. மூலம் இருக்கிறது, ஆனால் ஒன்றிரண்டுக்கு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து நகல் வரவேண்டும் என்றால் 1. முக்கியமான ஒன்று ஜெராக்ஸாக மட்டுமே இருந்தால் 2. நம் வழக்கு எதன்மேல் நிற்கிறதோ அந்த ஆவணமே இல்லையென்றால் 3. இப்படி எழுதி வைத்தால் நீங்கள் போட்டாலும் குமாஸ்தா போட்டாலும் அதே மார்க்தான் வரும். "ஆவண பலம்: குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று விட்டால் ஆளுக்கு ஒன்றாக வரும்.

ஆனால் இதையெல்லாம் சரிசெய்தாலும் மிச்சம் இருக்கும் ஒரு தப்புதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஐந்து அம்சம் வைப்போம். கெடு தேதிக்கு 30, தோற்றால் வரும் இழப்புக்கு 25, ஆவணங்களுக்கு 20, வழக்கு நிற்கும் கட்டத்துக்கு 15, கட்சிக்காரரின் ஒத்துழைப்புக்கு 10. மொத்தம் 100. முதல் கட்டு ஒரு பாகப்பிரிவினை வழக்கு. சொத்து பெரியது, ஒரு உயில் ஜெராக்ஸாகத்தான் இருக்கிறது, சாட்சி விசாரணை நெருங்குகிறது, கட்சிக்காரர் போன் எடுப்பதில்லை. தேதி 1, இழப்பு 3, ஆவணம் 2, கட்டம் 2, ஒத்துழைப்பு 2. பெருக்கிக் கூட்டினால் 300-க்கு 195, அதாவது 65. இரண்டாவது கட்டு 1.8 லட்சம் ரூபாய்க்கு ஒரு செக் கேஸ். செக், பேங்க் ரிட்டர்ன் மெமோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது, கட்சிக்காரர் தினமும் வந்து நிற்கிறார், எதிரிக்கு இன்னும் நோட்டீஸ் போகவில்லை. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்து 27 நாள் ஆகிவிட்டது. தேதி 3, இழப்பு 1, ஆவணம் 0, கட்டம் 1, ஒத்துழைப்பு 0. கூட்டினால் 300-க்கு 130, அதாவது 43.

சாஃப்ட்வேர் பாகப்பிரிவினையை மேலேயும் செக் கேஸைக் கீழேயும் காட்டும். ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டும், அந்த 30 நாளை எந்த மனு போட்டும் நீட்ட முடியாது. செக்கின் மூன்று மாத ஆயுள் பாக்கி இருந்தால் மறுபடி பேங்கில் போட்டு, திரும்பினால் புது நோட்டீஸ் அனுப்பலாம், 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்துவிட்டது. ஆயுளும் முடிந்த செக் என்றால் இன்னும் மூன்று நாளில் அந்தக் குற்றவியல் வழக்கு போய்விடும், மூன்று வருஷத்துக்குள் சாதாரண பண வழக்கு போடும் வழிதான் மிஞ்சும்.

அது ஏன் கீழே போனது என்று பாருங்கள். ஆவணம் நன்றாக இருக்கிறது, கட்சிக்காரர் நன்றாக ஒத்துழைக்கிறார், அதனால். ஜெயிக்கிற வழக்கு என்பதாலேயே ஆபத்து மறைந்துவிட்டது. எந்த வெயிட்டேஜ் கூட்டலுக்கும் இந்தக் குணம் உண்டு: ஒரு அம்சத்தின் கெடுதலை இன்னொரு அம்சத்தின் நன்மை ஈடுகட்டும். ஆவணக் குறையைக் கட்சிக்காரரின் உழைப்பு ஓரளவு ஈடுகட்டும் என்பது நிஜ வாழ்க்கையிலும் உண்மைதான். போன கெடுவை மட்டும் எதுவும் ஈடுகட்டாது. அதனால் கெடு தேதியை அந்தக் கூட்டலுக்குள் வைக்கவே கூடாது.

தேதிக்கு வெயிட்டேஜை 60 ஆக்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மற்ற நாலையும் அதே விகிதத்தில் மீதி 40-க்குள் சுருக்கிப் போட்டுப் பார்த்தேன், செக் கேஸ் 68-க்கு ஏறும், பாகப்பிரிவினை 51-க்கு இறங்கும். ஆனால் நானூறு கட்டு உள்ள ஆபீஸில் தினமும் ஏதாவது ஒரு தேதி நெருங்கிக்கொண்டே இருக்கும். சாட்சிக்குத் தயாராகாத அந்தப் பாகப்பிரிவினை மாதிரி கட்டுகள் அடியிலேயே கிடக்கும், விசாரணை அன்றுதான் எல்லோருக்கும் உறைக்கும்.

இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். முதல் பட்டியலில் மார்க்கே கிடையாது. இன்றிலிருந்து 15 நாளுக்குள் கெடு முடியும் கட்டுகள் எல்லாம், அவை எவ்வளவு சின்ன வழக்காக இருந்தாலும், தேதி வரிசையில் வரட்டும். இரண்டாவது பட்டியலில் மீதி நாலு அம்சங்களுக்கு 35, 30, 20, 15 என்று கொடுத்துப் பாருங்கள், பாகப்பிரிவினை 78, செக் கேஸ் 18. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது பாருங்கள். அந்த 18 மார்க் கட்டு, முதல் பட்டியலின் முதல் வரியில் இருக்கும்.

முதல் பட்டியலிலும் ஒரு பிரிவினை வேண்டும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள இடம் இருக்கும் கெடு வேறு, இடமே இல்லாத கெடு வேறு. மேல்முறையீடு தாமதமானால் லிமிடேஷன் சட்டம் (காலவரையறைச் சட்டம்) 5-ஆம் பிரிவில் மனு போடலாம். அசல் வழக்குக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் மூன்று வருஷம் போனால் போனதுதான். சாதாரண சிவில் வழக்கில் எதிர்வாதவுரைக்குச் சொல்லியிருக்கும் 90 நாளைத் தக்க காரணம் இருந்தால் கோர்ட் தளர்த்தலாம். அதே தகராறு வணிக வழக்காகி, மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் போய்விட்டால் 120-ஆவது நாளோடு எதிர்வாதவுரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். நடுவர் தீர்ப்பை (ஆர்பிட்ரேஷன் அவார்டை) எதிர்க்க ஆர்பிட்ரேஷன் சட்டம் 34-ஆம் பிரிவில் மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலே 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. நுகர்வோர் ஆணையத்தில் பதிலுரைக்கு 30 நாள், மேலே 15 நாள், அதைத் தாண்ட முடியாது என்று அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. இடமே இல்லாத கெடுக்களை மட்டும் சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் பத்து நாளில் யாரும் சிவப்பைப் பார்க்கமாட்டார்கள்.

கேள்வி: வெயிட்டேஜை எப்படி முடிவு செய்வது? எங்கள் ஆபீஸில் மூன்று பார்ட்னர்கள். ஒருவர் ஆவணத்துக்கு 40 என்கிறார், இன்னொருவர் 20 போதும் என்கிறார். ஒரு மீட்டிங் முழுக்க இதிலேயே போய்விட்டது.
— வழக்கறிஞர், கோயம்புத்தூர்

பதில்: "எது முக்கியம்?" என்று கேட்டால் சண்டைதான் வரும் மேடம், ஏனென்றால் எல்லாமே முக்கியம்தான். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எல்லா அம்சத்திலும் மோசமாக, எல்லாவற்றிலும் 3 வாங்கிய ஒரு கட்டு மேஜைமேல் இருப்பதாக வையுங்கள். அதில் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் 3-லிருந்து 0-க்குக் கொண்டுவரலாம் என்றால் எதைக் கொண்டுவருவீர்கள்? மூன்று பேரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் எழுதட்டும். முதலில் வருவதற்கு 100 கொடுங்கள். அடுத்ததைச் சரிசெய்தால் கிடைக்கும் நிம்மதி முதலாவதில் பாதியா, முக்காலா என்று பார்த்து அதற்குக் கொடுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் நூற்றுக்குச் சுருக்குங்கள். இப்படிக் கேட்டால் ஆட்களின் எண்கள் கிட்டத்தில் வந்துவிடும், அப்படியும் வராத இடத்தில் இருவரும் வேறு வேறு வகை வழக்கை மனதில் வைத்திருப்பார்கள். செக் கேஸ் பார்ப்பவருக்கும் நிலவழக்கு பார்ப்பவருக்கும் ஆவணம் என்றால் ஒரே விஷயம் இல்லையே. அப்போது வழக்கு வகைக்கு ஒரு வெயிட்டேஜ் தொகுப்பு வையுங்கள், ஒரே தொகுப்பில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்காதீர்கள்.

அப்படியும் ஒத்துப்போகவில்லையா? எல்லாவற்றுக்கும் சமமாகப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். வாய் வார்த்தைக்காக இதைச் சொல்லவில்லை. ராபின் டாவ்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் ஒரு கட்டுரையில் இதைக் காட்டினார்: அம்சங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், சமமான வெயிட்டேஜ் போட்டுக் கூட்டினாலே நிபுணர்களின் மனக்கணக்கைவிட நன்றாக வருவது சகஜம். பிரசவ வார்டில் தினமும் இது நடக்கிறது. பிறந்த குழந்தைக்குப் போடும் ஆப்கர் ஸ்கோர், 1953-ல் வர்ஜீனியா ஆப்கர் என்ற மயக்கமருந்து மருத்துவர் வெளியிட்டது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம் என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, வெயிட்டேஜ் எதுவும் கிடையாது, மொத்தம் 10. இன்றைக்கும் அப்படியேதான் போடுகிறார்கள். மதுரைத் தம்பிக்குச் சொன்ன விஷயமும் அதில் இருக்கிறது: குழந்தை மூச்சு விடவில்லை என்றால் ஒரு நிமிஷம் ஆகட்டும், ஸ்கோர் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை, உடனே மூச்சு கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மீட்டிங்கில் எண்ணுக்காக அடித்துக்கொள்வதற்குப் பதிலாக முடிந்துபோன கட்டுகள் இருபது முப்பதை அலமாரியிலிருந்து எடுங்கள். எது உங்களைத் தூங்கவிடாமல் செய்தது என்று உங்கள் மூவருக்கும் நினைவிருக்கும். முடிவு தெரிந்த நிலையிலிருந்து போடாமல், அந்த வழக்கு வந்த ஆறாவது மாதம் உங்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை மட்டும் வைத்து மார்க் போடுங்கள். தொல்லை கொடுத்த கட்டுகள் மேல் பாதியில் வருகிறதா? வந்தால் வெயிட்டேஜ் போதும். ஒரு கட்டு அடியில் நின்றால் அதை மட்டும் எடுத்து ஏன் என்று பாருங்கள். அனேகமாக வெயிட்டேஜில் குறை இருக்காது, ஒரு அம்சமே விட்டுப்போயிருக்கும்.

கேள்வி: என் கடை இடம் சம்பந்தமாக ஒரு வழக்கு நடக்கிறது ஐயா. வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த மாதாந்திர அறிக்கையில் "ரிஸ்க் 72" என்று போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 72 பங்கு தோற்றுவிடுவேன் என்று அர்த்தமா? சமாதானமாகப் போய்விடலாமா என்று வீட்டில் பேசுகிறார்கள்.
— வாசகி, சேலம்

பதில்: இல்லை அம்மா, அந்த அர்த்தமே கிடையாது. அது அந்த ஆபீஸ் தன் வேலையை வரிசைப்படுத்த வைத்துக்கொண்ட எண். உங்கள் கட்டை மற்ற கட்டுகளைவிட அதிகம் கவனிக்கவேண்டும் என்றுதான் அது சொல்கிறது. வழக்கு மதிப்பு அதிகமாக இருந்தாலே அந்த எண் ஏறிவிடும், அதற்கும் உங்கள் பக்க நியாயத்துக்கும் சம்பந்தம் இல்லை. இதை வைத்து சமாதானம் பேசப் போகாதீர்கள். சமாதானம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு, அதை வக்கீலோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும்.

வக்கீலிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த எண் இவ்வளவு ஏறக் காரணமான அம்சம் எது? அதைக் குறைக்க நான் என்ன கொண்டுவரவேண்டும்?" ஒரு பழைய வாடகை ரசீதோ சொத்துவரி ரசீதோ கிடைத்தால் இறங்கிவிடும் மார்க்காகவும் இருக்கலாம். அடுத்த வாய்தா எப்போது, எதற்காக என்று நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. உங்கள் வழக்குக்கு 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும், வக்கீலிடம் வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் வந்துவிடும், காசு கிடையாது.

கட்சிக்காரருக்கு அறிக்கை அனுப்பும் வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த எண்ணை அவர்களுக்கு அனுப்பாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். ஒரு குடும்பம் ராத்திரி உட்கார்ந்து அந்த 72-ஐப் பற்றிப் பேசுகிறது, பாருங்கள்.

கேள்வி: சட்ட அலுவலகங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்ன டீமில் வேலை செய்கிறேன். ரிஸ்க் ஸ்கோர் பகுதி என் பொறுப்பு. சட்டம் தெரியாத புரோகிராமர் எங்கே தடுக்கி விழுவான்?
— வாசகர், சென்னை

பதில்: மூன்று இடம் சொல்கிறேன், மூன்றும் நிஜமாகவே ஆளைக் கவிழ்ப்பவை.

ஒன்று, மாதத்தை நாளாக மாற்றுவது. செக் கேஸில் நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் வழக்குக்கான காரணம் பிறக்கிறது, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்யவேண்டும். சட்டத்தில் இருப்பது "ஒரு மாதம்", நீங்கள் டேட்டாபேஸில் 30 என்று போட்டால் என்ன ஆகும்? எதிரிக்கு ஜனவரி 20-ல் நோட்டீஸ் கிடைத்தது என்று வையுங்கள். 15 நாள் பிப்ரவரி 4-ல் முடிகிறது, 5-ஆம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்கிறது, ஒரு மாதம் என்றால் மார்ச் 5. உங்கள் 30 நாள் கணக்கு, லீப் வருஷம் இல்லையென்றால், மார்ச் 7 என்று காட்டும். வக்கீல் உங்கள் திரையை நம்பி மார்ச் 6-ல் போய் நின்றால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட்டுக் கெஞ்சவேண்டும். நடுவர் தீர்ப்புக்கான மூன்று மாதத்தை 90 நாள் என்று போட்டாலும் இதேதான்: பிப்ரவரி 10-ல் தீர்ப்பு நகல் கிடைத்தால் மூன்று மாதம் மே 10-ல் முடிகிறது, 90 நாள் மே 11-ல். மூன்று மாதம் வேறு 90 நாள் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் எண்ணையும் அலகையும் தனித்தனியாக வையுங்கள்.

விடுமுறைக்கும் ஒரே காலண்டர் போதாது. கெடு முடியும் நாள் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்பது லிமிடேஷன் சட்டம் 4-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும். சிவில் காலண்டரை செக் கேஸுக்கும் மாட்டிவிட்டால் கெடு ஜூனில் என்று காட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு நுணுக்கம்: நடுவர் தீர்ப்பு விஷயத்தில் மூன்று மாதம் விடுமுறையில் முடிந்தால் 4-ஆம் பிரிவு உதவும், அதற்கு மேல் கொடுக்கும் 30 நாள் விடுமுறையில் முடிந்தால் உதவாது. மேல்முறையீட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களைக் கழிக்கவேண்டும், அதற்கு நகலுக்கு விண்ணப்பித்த தேதி, நகல் தயாரான தேதி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். பல சாஃப்ட்வேரில் தீர்ப்புத் தேதி மட்டும்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது இடம் வெற்றுக் கட்டம். நிரப்பாமல் விட்ட அம்சத்தை உங்கள் புரோகிராம் 0 என்று எடுத்துக்கொள்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எடுத்துக்கொண்டால், யாருமே திறந்து பார்க்காத கட்டுதான் ஆபீஸிலேயே ரிஸ்க் குறைந்த கட்டாகக் காட்டப்படும். இதைவிட ஆபத்தான தவறு இந்த வகை சாஃப்ட்வேரில் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். இரண்டு அம்சத்துக்கு மேல் வெற்றாக இருந்தால் மார்க்கே காட்டாதீர்கள், "பார்க்கப்படவில்லை" என்று காட்டி, அந்தக் கட்டுகளைத் தனியாகப் பட்டியலின் மேலே வையுங்கள். போட்ட மார்க்குக்கும் வயது உண்டு. ஆறு மாதத்துக்கு முன் போட்ட 0, இன்றைக்கு 0 இல்லை, எனவே எந்தத் தேதியில் யார் போட்டது என்பது மார்க்குக்குப் பக்கத்திலேயே தெரியவேண்டும்.

மூன்றாவது, வெயிட்டேஜை மாற்றினால் பழைய மார்க்குகளும் சத்தமில்லாமல் மாறிவிடுவது. போன மாதம் 40 என்று இருந்த கட்டு இன்றைக்கு 61 என்றால், வழக்கில் ஏதோ நடந்ததா, இல்லை யாரோ வெயிட்டேஜை மாற்றினார்களா என்று தெரியவேண்டும். வெயிட்டேஜ் தொகுப்புக்கு ஒரு பதிப்பு எண் கொடுங்கள், ஒவ்வொரு மார்க்கோடும் அதைச் சேமியுங்கள். வேலை பெரிதில்லை.

கேள்வி: ஒரு கம்பெனி எங்களுக்கு டெமோ காட்டியது. வெயிட்டேஜை ஏ.ஐ. தானே போட்டுக்கொள்ளுமாம், எவ்வளவு என்று காட்டமாட்டார்களாம், தொழில் ரகசியமாம். நீதிபதி வாரியாகவும் ரிஸ்க் காட்டும் என்கிறார்கள். வாங்கலாமா?
— வழக்கறிஞர், திருச்சி

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் காம்பஸ் என்ற சாஃப்ட்வேர் குற்றவாளி திரும்பக் குற்றம் செய்வாரா என்று மார்க் போட, அதையும் பார்த்து தண்டனை கொடுத்ததாக ஒருவர் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். உள்ளே என்ன வெயிட்டேஜ் என்று கம்பெனி காட்டவில்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2016-ல் தண்டனையை நிலைநிறுத்திய அந்த நீதிமன்றமே, இந்த மார்க்கின் குறைகளை எழுத்தில் சொல்லித்தான் நீதிபதியிடம் கொடுக்கவேண்டும், அதை வைத்தே தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது என்றது. உங்கள் ஆபீஸிலும் ஒரு கட்டு ஏன் கீழே போனது என்று கட்சிக்காரர் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும், கம்பெனி வந்து சொல்லாது.

நீதிபதி வாரியான மார்க் இன்னும் மோசம். பிரான்ஸ் 2019-ல் நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்கள் எப்படித் தீர்ப்பளிப்பார்கள் என்று கணிப்பதைக் குற்றமாக்கியது, ஐந்து வருஷம் வரை சிறை. நம் ஊரில் அப்படிச் சட்டம் வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் மாவட்ட நீதிமன்றங்களில் நீதிபதிகள் இடமாற்றம் ஆகிக்கொண்டே இருக்கும்போது, ஒருவரிடம் முடிந்த ஒரு கை வழக்குகளை வைத்துப் போடும் மார்க்கில் என்ன சாரம் இருக்கும்? கட்சிக்காரர் உங்களிடம் நம்பிச் சொன்னது எல்லாம் அந்தக் கம்பெனியின் சர்வரில் எந்த நாட்டில் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: நான் தனியாக பிராக்டிஸ் செய்கிறேன். அறுபது கட்டுதான் இருக்கிறது. எனக்கும் இந்த சாஃப்ட்வேர் எல்லாம் தேவையா?
— வழக்கறிஞர், நாகப்பட்டினம்

பதில்: தேவையில்லை. அறுபது கட்டும் உங்களுக்கு மனப்பாடம், அதற்கு மார்க் போட்டு வரிசைப்படுத்துவது நேர விரயம். உங்கள் டைரியின் பின்பக்கத்தில் கெடு தேதிகளை மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதிவாருங்கள், வாய்தா தேதிகளோடு கலக்காமல். வாய்தாவைத் தவறவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆனாலும், எக்ஸ் பார்ட்டி (நாம் இல்லாமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) ஆனாலும், 30 நாளுக்குள் மனு போட்டு மீட்கலாம், கெடு அப்படி இல்லை.

ரிட்டர்ன் ஆன கட்டுகளையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். எஸ்.ஆர். நம்பரோடு (வழக்கு எண் விழும் முன் கொடுக்கும் தற்காலிக எண்) நிற்கும் வழக்கு, குறை சொல்லித் திருப்பிய பிராது, திரும்பத் தாக்கல் செய்யக் கொடுத்த நாள் என்று எதுவும் தினசரி வழக்குப் பட்டியலில் வராது, வழக்கு எண் விழும்வரை சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இது கண்ணில் படுவதில்லை. குமாஸ்தாவிடம் வாரம் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், "ரிட்டர்ன் எத்தனை நிற்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டு 150-ஐத் தாண்டி, உதவிக்கு ஒரு ஜூனியரும் வந்தபிறகு மறுபடி எழுதுங்கள், அப்போது எந்த நாலு அம்சம் உங்கள் பிராக்டிஸுக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம்.